எட்டு நொடிப் படம்

எட்டு நொடியில் முடிந்திருக்க வேண்டிய படம் முடியவில்லை.

மதிய இடைவேளை. ஏசியின் உறுமலும் ஸ்பிரிட் வாடையும் வராந்தாவில் எங்கோ ஒரு தள்ளுவண்டிச் சக்கரம் கீச்சிடுவதும் தவிர, ஆஸ்பத்திரியின் ஜன்னலில்லாத அந்த அறையில் வேறு சலனமில்லை. பதினொரு வருடமாகப் பிறர் இதயங்களைப் படம் பிடித்துப் பிடித்து மனசு மரத்துப்போன டெக்னீஷியன், போன வாரம் எடுத்த தன் அண்ணனின் படத்தைத்தான் மறுபடி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் லாரி டிரைவர். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய், இரை விழுங்கிய பாம்பு போல ஓரிடத்தில் உப்பி அகன்றிருந்தது.

"குழாய் அகலமானா நல்லதுன்னு நெனச்சிடாதீங்க. ரத்தம் அங்க தேங்கும், தேங்கினா கட்டும். கட்டினா மாரடைப்புதான். ரத்தம் கட்டாம இருக்கத்தான் இந்த மாத்திரை, ஒரு நாள்கூட விடக்கூடாது" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார்.

ஈறில் ரத்தம் கசிகிறதென்று நான்காம் நாளே அண்ணன் மாத்திரையை நிறுத்திவிட்டார். தம்பி சொல்லிப் பார்த்தார். செவிடன் காதில் ஊதிய சங்கு.

திரையின் மூலையில் நேரம் எட்டில் நின்றுவிட்டது. இதயம் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. படத்துக்காகக் குழாயில் செலுத்திய சாயம் மூன்றே துடிப்பில் வடிந்திருக்க வேண்டும். உப்பிய இடத்தில் அது சுழன்றது. மெல்லச் சுழன்றது. கறுத்தது.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். நிற்கவில்லை. பயம் வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே வரவில்லை. விரல் நுனிகள் மட்டும் சில்லிட்டன.

சாயம் உறைந்தது.

இதயம் ஒருமுறை துடித்தது. பாதி துடித்தது. அப்புறம் இல்லை.

போன் அடித்தது. அண்ணி.

"தம்பி, சாப்பிட்டுப் படுத்தவர உலுக்கி உலுக்கிப் பாக்குறேன், எந்திரிக்கவே மாட்டேங்குறாரு. உடம்பெல்லாம் ஜில்லுனு இருக்கு."

"அண்ணி, உடனே ஆம்புலன்ஸுக்கு..."

"இருங்க, இருங்க. கண்ண முழிச்சிட்டாரு. உக்காந்துட்டாரு!" அண்ணி அழுதுகொண்டே சிரித்தாள். "உங்ககிட்ட பேசணுமாம்."

போன் கைமாறியது. மூச்சுச் சத்தமே கேட்கவில்லை.

"டேய்" என்றது அண்ணனின் குரல். "இப்ப வலியே இல்லடா. உள்ள ஒரே அமைதியா இருக்கு. வீட்டுக்கு வர்றியா?"

தம்பி திரையைப் பார்த்தார். கறுத்த குழாய். அசையாத இதயம்.

போனில், அண்ணனுக்குப் பின்னாலிருந்து அண்ணியின் குரல் கேட்டது.

"ஏங்க, கைய விடுங்க. வலிக்குது. விடுங்க..."