ஷூவுக்குள் வைத்த சாவி

இன்னும் துடைக்காத பிளேடில் யாரோ துடைத்த தடம் ஒன்று இருந்தது.

தவ்ஃபீக் டார்ச்சை அருகே கொண்டுபோனான். கடலுப்பு, நிலக்கரிச் சாம்பல், விசைப்படகுப் புகை என்று எண்ணூர்க் காற்றில் மிதக்கும் அத்தனையையும் மாதக்கணக்கில் உள்ளிழுத்து அந்த டர்பைனின் கம்ப்ரஸர் கருத்துப்போயிருந்தது. அதன் வாயைச் சுற்றி வட்டமாக நின்ற பிளேடுகளின் மேல் மையைக் குழைத்துப் பூசியதுபோல் ஒரு பிசுக்கு. அது படியப் படிய இயந்திரத்துக்கு மூச்சு குறையும். அப்போது ஓட்டத்தை நிறுத்தி, ஆளை உள்ளே அனுப்பித் துடைப்பார்கள். ஆள் வெளியே வந்ததும் கதவை முடுக்கி, சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே சுழற்றுவார்கள். அந்த வாய்க்குள் முதுகை வளைத்து உட்காரும் ஒல்லி உடம்பு அந்த மின் ஆலையில் இப்போது இவனுக்கு மட்டும்தான்.

தடம் பிளேடின் பின்பக்கத்தில் இருந்தது. உள்ளே, சுழலும் பிளேடுகள் நெருங்கி நிற்கும் பக்கம். அங்கே விரல் நுழையும். ஆள் நுழைய முடியாது.

வெளியே காவல் நின்ற லூயிஸ் இரும்பில் இரண்டு தட்டு தட்டினான். 'நல்லா இருக்கியா' என்று அர்த்தம். தவ்ஃபீக் விரல் முட்டியால் இரண்டு தட்டினான்.

கொஞ்சம் பொறுத்து, பிளேடுகளுக்குப் பின்னாலிருந்தும் இரண்டு தட்டு கேட்டது.

"இன்னா பாய், உள்ளயே குடித்தனம் வச்சிட்டியா?" லூயிஸ் வெளியிலிருந்து கேட்டான். "வாடகை கேக்கப் போறானுங்க."

"கால்வாசி கீதுப்பா. டீக்கு ஓடிடாத. சாவி ஷூவுல கீது."

உள்ளே போகிறவன் ஸ்டார்ட் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும். அதுதான் விதி. ஆனால் ஒரு சின்னச் சாவி உள்ளே நழுவினாலும் சுழலும்போது பிளேடெல்லாம் சிதறிவிடும் என்ற பயத்தில், இவனுக்கு முன்னால் துடைத்தவர்களிலிருந்து இங்கே எல்லோரும் சாவியைக் கழற்றிய ஷூவுக்குள் போட்டுவிட்டு வெறுங்காலோடு நுழைவார்கள். இவனுடைய வலது ஷூவுக்கு அடி விட்டுப்போயிருந்தது. நடந்தால் சப் சப்பென்று அடிக்கும். புதுசு வாங்கு என்று மனைவி கௌசர் ரம்ஜானிலிருந்து சொல்கிறாள்.

பனியன் வேஸ்ட் துணியை நனைத்து மறுபடி துடைக்கத் தொடங்கினான். இன்றைக்குச் சீக்கிரம் போக வேண்டும். மகள் நவ்ரீனுக்கு இளைப்பு. நெஞ்சின் மேல் அவன் கை இருந்தால்தான் தூங்குவாள். அதற்கும் முன்னால் டியூப்லைட்டுக்கு நேரே கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். நகக்கண்ணில் கறுப்பு இருந்தால் போச்சு. "கலீஜா கீது, போ அத்தா."

நிமிர்ந்தபோது தடம் அகன்றிருந்தது. நான்கு விரல்கள். ஒரு உள்ளங்கை. பிசுக்கே இல்லாமல் பளபளத்தது.

பிளேடுகளுக்கு நடுவிலிருந்து வெதுவெதுப்பாக ஒரு காற்று முகத்தில் பட்டது. நேற்றே நின்று ஆறிப்போன இயந்திரம். அந்தக் காற்றில் இஞ்சி டீ வாசனை. காலையில் அவன் குடித்த டீ.

அவன் கையை வைத்துப் பார்த்தான். ஏன் வைத்தான் என்று தெரியவில்லை. தடத்தில் அவன் கை அச்சாகப் பொருந்தியது.

டார்ச் உருண்டது. ஏதோ அவன் தோளை உரசிக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தது.

"அட, அதுக்குள்ள முட்ச்சிட்டியா?" வெளியே லூயிஸின் குரல். "இன்னா பாய் இது, கையில துளி அழுக்கு காணோம்?"

"உள்ளயே தொட்ச்சிட்டேன்பா. பாப்பா அழுக்குக் கையோட தொட வுடாது."

அது தவ்ஃபீக்கின் குரல்.

அவன் வாயைத் திறந்தான். காற்று மட்டும் வந்தது. குரல் வெளியே இருந்தது.

லூயிஸ் தலையை நீட்டி உள்ளே டார்ச் அடித்தான். வெளிச்சம் தவ்ஃபீக்கின் முகத்தில் விழுந்தது. கண்ணுக்குள் விழுந்தது. கடந்து போனது.

"க்ளீன். ஒண்ணும் இல்ல."

கதவு மூடியது. போல்ட்டுகள் ஒவ்வொன்றாக முடுக்கப்பட்டன. அவன் இரும்பில் தட்டினான். இரண்டு. மறுபடி இரண்டு. கை வலிக்க வலிக்க இரண்டு.

"இன்னாடா சத்தம்?"

"வெயில் எறங்குதில்ல. இரும்பு நெட்டி முறிக்குது."

லூயிஸ் சிரித்தான்.

சப். சப். அவன் ஷூ. சுவிட்சுப் பக்கம் போய் நின்றது. பூட்டு திறந்தது.

பிறகு அதே குரல், போனில், கொஞ்சலாக. "தூங்காத நவ்ரீன். அத்தா வர்றேன். கை சுத்தமா கீது."

சப். சப். சப். தேய்ந்து போயிற்று.

தண்ணீர் பீய்ச்சியது. பிளேடுகளுக்குப் பின்னால் சக்கரம் மெல்ல அசைந்தது. கிடந்த டார்ச்சின் வெளிச்சத்தில் சுழலும் பிளேடுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஆள் துடைத்த ஒரு கைத்தடம். தடித்த கை. சுண்டுவிரல் இல்லாத கை. அவன் கை.

அதை அடுத்து வந்த பிளேடு கறுப்பாகவே இருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஒரு தடம் விழத் தொடங்கியது. மிகச் சிறிய விரல்கள்.