கூடத்துக்குக் கீழே கிணறு

சொட்டச் சொட்ட இழுத்த மாப், கூடத்தின் நடுவே வந்ததும் காய்ந்துபோனது. கலைமதி அதைப் பக்கெட்டில் முக்கி மறுபடி இழுத்தாள். ஈரம் டைல்ஸ் இடுக்குகளில் ஓடி மறைந்தது. அடியில் யாரோ மடக் மடக்கென்று விழுங்குவது போல ஒரு சத்தம். வடக்குப்பட்டு ரோட்டில் ஷிப்ட் பஸ் போகிற அதிர்வாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பஸ் போன பிறகும் சத்தம் நிற்கவில்லை. விளக்கு வைக்கிற நேரம். கரண்ட் இல்லை. பெயிண்ட் வாசனையையும் மீறிப் பாசியும் சேறும் கலந்த வாடை எழுந்து தொண்டையில் உட்கார்ந்தது.

கட்டி ஒரு வருஷம்கூட ஆகாத வீடு. அண்ணன் புருஷோத்தமன் இதை அவள் பெயருக்கு எழுதிவைத்துவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு பென்னலூருக்கு வாடகைக்குப் போனான். "நம்ம வூட்ல மொதல்ல டிகிரி வாங்கினவ நீ. உனக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப்போறேன்?" பத்திர ஆபீஸ் வாசலிலேயே அழுதாள், அந்தப் படித்த முட்டாள். அவன் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள்.

போன் போட்டாள்.

"ணா, கூடத்துக்குக் கீழ இன்னா கீது?"

மறுமுனையில் டிவி சத்தம் குறைந்தது.

"கெணறு. மூடிட்டுத்தான் வூடு கட்டினேன்."

"சொல்லவே இல்லியே."

"நெலத்த வித்த எல்லப்பன் கண்டிசன் போட்டிருந்தாரு. நெலம் யார் கைக்குப் போனாலும் கெணத்த மூடக்கூடாது, கேக்கறவங்களுக்குத் தண்ணி குடுக்கணும்னு. பத்திரத்துலயே கீது. படிச்சவதான, பாத்திருப்பேன்னு நெனச்சேன்."

"மூடினது நீ."

"அது ஓனரத்தான் தண்ணி கேக்குது, மதி. உன் பேருக்கு மாத்தின அன்னிக்குத்தான் நான் தூங்கினேன்."

"நான் உன் தங்கச்சிணா."

"எனக்குப் புள்ளகுட்டி கீது. நீ தனியாள்."

வைத்துவிட்டான்.

வாசலை நோக்கி நடந்தாள். விழுங்கும் சத்தமும் காலடியிலேயே கூட வந்தது. நின்றாள். அதுவும் நின்றது.

இடுக்கு பிளந்தது.

விரல் நுனிகள். சேறு அப்பிய நகங்கள். இரண்டு உள்ளங்கைகள், ஒன்றுசேர்ந்து குழிந்து, தண்ணீருக்கு ஏந்தியபடி.

பக்கெட்டை அப்படியே சாய்த்தாள். ஒரு சொட்டுகூட வெளியே வழியவில்லை. தண்ணீர் கைகளுக்குள்ளேயே இறங்கியது. மறுபடி ஏந்தின. பக்கத்து இடுக்கில் இன்னொரு ஜோடி. அதற்கப்பால் இன்னும். வாசற்படி வரை.

சமையலறைக் குழாயைத் திறந்தாள். வெறும் காற்று.

அவள் நெற்றியிலிருந்து ஒரு துளி வியர்வை தரையில் விழுந்தது.

கூடம் முழுக்க ஏந்தியிருந்த கைகள், ஓசையில்லாமல், அவள் பக்கம் திரும்பின.