வலப்பக்கத்துக்கு ஒரு செபம் குறைவு

எங்கள் மொரிஸ் மைனர் காருக்கு என்னைவிட ஐம்பது வயது கூட. அதை நானும் டடியும் சேர்ந்துதான் பார்த்துக்கொள்கிறோம். மமி அதைத் 'தகரம்' என்பார். காருக்குக் கேட்கும் என்று நானும் பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

அன்று சனிக்கிழமை. பின்னேரம் நாலு மணிக்கு றொசானா அன்ரிக்குக் கல்யாணம். அன்ரி டடியின் தங்கை. கல்யாணத்தன்று இந்தக் காரில்தான் மாதா கோயிலுக்குப் போவேன் என்று, என் வயதில் இருந்தபோதே சொல்லத் தொடங்கியவர். முன் சீட்டில் பூச்செண்டோடு நான். எல்லாம் முடிவான விஷயம்.

ஆனால் ஒரு வாரமாகக் கார் கத்துகிறது. கொட்டாஞ்சேனையில் மேடு பள்ளம் இல்லாத தெரு எங்கே இருக்கிறது? ஒவ்வொன்றிலும், வால் மிதிபட்ட பூனை மாதிரி "கீச்ச்!"

"முன் சில்லு மூட்டெல்லாம் காஞ்சுபோச்சு, டிலக்ஷி. கிறீஸ் அடிச்சாச் சரி," என்றார் டடி.

ஜக் வைத்து முன்பக்கத்தைத் தூக்கி, இரும்பு ஸ்ராண்டுகளின் மேல் நிறுத்தினார். சில்லு தரையில் இருந்தால் பாரத்தில் மூட்டு இறுகிவிடும். கிறீஸ் போகவேண்டிய இடத்துக்குப் போகாது. டடி காருக்குக் கீழே படுத்தார். நான் வெளியே குந்தினேன். கீழே நான் தலை வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

கிறீஸ் உள்ளே போவதற்கு ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சின்ன உலோக மூக்கு இருக்கும். நிப்பிள் என்பார்கள். அதைத் துடைத்து, கிறீஸ் பீச்சும் 'கிறீஸ் கன்'னை மாட்டி அமத்த வேண்டும். எவ்வளவு நேரம்? டடியின் கணக்கில் ஒரு நிப்பிளுக்கு ஒரு 'அருள் நிறைந்த மரியே' செபம். செபமாலை சொல்வது போலவே முதல் பாதி அவர், மறுபாதி நான். பக்கத்து வீட்டு மர்லியா அன்ரி இதை முதல் தடவை கேட்டபோது, யாருக்கோ நோய் கடுமையாக்கும் என்று ஓடி வந்தார்.

முதலில் இடப்பக்கம். பிறகு வலப்பக்கம். முடிந்ததும் டடி காரை இறக்கித் தெரு முனைவரை ஓட்டினார்.

"கீச்ச்!"

டடியின் முகம் வாடிவிட்டது. "ஒரு மூட்டு உள்ளுக்க பிடிச்சிட்டுது போல. இப்பிடியே ஓடினாச் சில்லு கழண்டாலும் கழரும். இதில நான் றொசானாவை ஏத்த மாட்டன். வாடகை வானுக்குச் சொல்லுவம்."

அன்ரி தலை நிறையக் கிளிப்போடு ஜன்னலில் நின்றார். "பரவாயில்ல அண்ணா. வான் எண்டா ஏசியும் இருக்கு," என்று சிரித்தார். சிரித்த கையோடு உள்ளே போய்விட்டார். அழத்தான் போனார், எனக்குத் தெரியும்.

டடி வான்காரரின் நம்பரைத் தேடினார். நான் படியில் உட்கார்ந்தேன். என்னவோ மனத்தில் இடித்துக்கொண்டே இருந்தது. விரல் விட்டு எண்ணினேன். திரும்பவும் எண்ணினேன்.

"டடி! இடப்பக்கம் நான் மூண்டு தரம் பதில் சொன்னனான். வலப்பக்கம் ரெண்டு தரம்தான்!"

"நீ நித்திரை தூங்கியிருப்பாய்."

"இல்ல! ரெண்டு பக்கமும் ஒரே மாதிரித்தானே இருக்கோணும்? எனக்கு ஒரு கால்ல அஞ்சு விரல், மற்றக் கால்ல நாலா?"

டடி உடனே ஃபோனை வைத்துவிட்டு ஜக்கை எடுத்தார்.

கீழே தலை வைக்க முடியாதே! உள்ளே ஓடி, கட்டிலில் கிடந்த கைக்கண்ணாடியைத் தூக்கி வந்தேன். டடி டோர்ச் அடித்தார். இடப்பக்கம் மேல் மூட்டில் ஒரு நிப்பிள், கீழ் மூட்டில் ஒன்று, ஸ்டியரிங் கம்பி நுனியில் ஒன்று. வலப்பக்கம் மேலே ஒன்று, கம்பி நுனியில் ஒன்று. கீழ் மூட்டில் கறுப்பாக ஒரு கட்டி மட்டும்.

"இது என்ன டடி?"

டடி அதைச் சுரண்டினார். "ஐயோ! நான் பூசின தார்!"

துறைமுகத்து உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் என்று, நத்தார்ப் பண்டிகைக்கு முன் காரின் அடி முழுக்க அவர்தான் தார் பூசினார். பூசுவது என்றால் அவருக்குத் தாராளக் கை. நிப்பிளையும் சேர்த்து மூடிவிட்டார். அன்றிலிருந்து அந்த மூட்டுக்குக் கிறீஸும் இல்லை, செபமும் இல்லை.

மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்தோம். மூக்கு வெளியே வந்தது. டடி கிறீஸ் கன்னை மாட்டி அமத்தினார். ஒரு செபம் முடிந்தது, ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவதில் பழைய கறுப்புக் கிறீஸ் கசிந்தது. நாலாவதில் புதுசு மஞ்சளாக எட்டிப் பார்த்தது.

"வருது டடி, வருது!" என்று செபத்தின் நடுவிலேயே கத்திவிட்டேன்.

டடி சில்லை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கொஞ்சமும் ஆடவில்லை. "மாதா காப்பாத்திப் போட்டா," என்றார்.

"என்ர கண்ணாடியை ஆர் எடுத்தது?" உள்ளேயிருந்து அன்ரியின் குரல்.

கண்ணாடியில் என் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன. மெல்ல நீட்டினேன். "கண்ணாடி ஊத்தைதான் அன்ரி. ஆனா வான் வேண்டாம்."

அன்ரி கட்டிப்பிடிக்க வந்தார். என் கைகளைப் பார்த்ததும் நின்றார். பிறகு எட்ட நின்றபடியே குனிந்து, நெற்றியில் கொஞ்சினார்.

மூன்றரைக்குப் புறப்பட்டோம். முன்னால் டடியும் பூச்செண்டோடு நானும். பின்னால் அன்ரியும் அவரது நீண்ட வெள்ளை முக்காடும். கோயிலுக்கு முன் பெரிய வேகத்தடை ஒன்று இருக்கிறது. எப்போதும் அங்கேதான் கார் உச்சத்தில் கத்தும். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

முன் சில்லுகள் ஏறின. இறங்கின. ஒரு சத்தமும் இல்லை.

"ஆமென்," என்றார் டடி.

அதற்கு அன்ரி சிரித்த சிரிப்புத்தான், கோயில் வாசல்வரை எங்கள் காரில் கேட்ட ஒரே சத்தம்.