மூத்தவர் எழும்வரை

அன்று அந்தச் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்தான்: பெரியவர், அவர் மனைவி, அவர்களுடைய ஒரே மகன், மகனின் மகளான வாண்டு, பழைய நகரத்தைச் சுற்றிக்காட்ட வந்த வழிகாட்டிப் பெண், அந்த வீட்டின் காவலாளி. வேறு யாரும் வரவில்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த பொம்மைகளை இதில் சேர்க்கவில்லை.

பெரியவர் கண்ணில் முதலில் பட்ட கோளாறு அந்தப் பொம்மைகளிடம்தான் இருந்தது. சாப்பிட உட்கார்ந்தவர்கள் தட்டைப் பார்ப்பார்கள், இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார்கள். இவை அத்தனையும் மேசையின் தலைப்பக்கம் இருந்த காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தன.

அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளும் நிலையில் அவர் இல்லை. காலையிலிருந்தே நாள் கோணல். மணிக்கூண்டுக்குச் சாரம் கட்டிப் பச்சை வலை போர்த்தியிருந்தார்கள். பழைய நீதிமன்றத்தின் வண்ணக் கண்ணாடிகளைப் பார்க்கப் போனால் உள்ளே ஏதோ படப்பிடிப்பு என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். நூலகம் திறந்திருந்தது, ஆனால் ஓவியக் கூரை இருக்கும் மாடிக்கு லிஃப்ட் ஓடவில்லை. அவர் மனைவியின் முழங்காலுக்குப் படி ஆகாது. வழிகாட்டிப் பெண் சிவப்புக் குடையை உயர்த்திப் பிடித்தபடி, பூட்டிய கதவுக்கு முன்னாலும் திறந்த கதவுக்கு முன்னாலும் ஒரே சிரிப்போடு வரலாறு சொன்னாள். கேள்வி கேட்டால் அடுத்த இடத்தில் சொல்கிறேன் என்றாள். அடுத்த இடம் வந்ததும் மறந்துபோனாள். மகன் காரை நிறுத்த இடம் கிடைக்காமல் சதுக்கத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் கடுகடுவென்று வந்து சேர்ந்தான்.

இதில் எதற்காகவும் பெரியவர் வரவில்லை. சதுக்கத்தின் மூலையில் இருந்த இந்தப் பெரிய வீட்டுக்காக வந்தார். அவருடைய கொள்ளுத்தாத்தா கட்டிய வீடு. இப்போது நகரத்தின் அருங்காட்சியகம்.

அந்த வீட்டில் ஒரு மழைக்கால மாலையில், சன்னல்களைச் சாத்தி, குளிருக்குக் கரியடுப்பை உள்ளே வைத்துக்கொண்டு குடும்பமே சாப்பிட உட்கார்ந்தது. கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி, தாத்தா, பாட்டி, சின்னத்தாத்தா, குழந்தையான அத்தை. ஒருவரும் எழவில்லை. மாடித் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தை மட்டும் பிழைத்தது. அந்தக் குழந்தை பெரியவரின் அப்பா. செத்தவர்களைத்தான் மெழுகுப் பொம்மைகளாகச் செய்து அதே மேசையைச் சுற்றி உட்கார வைத்திருந்தார்கள். விஷக் காய்ச்சல் என்றுதான் அப்பா கடைசிவரை சொன்னார். ஆனால் அருங்காட்சியகப் பலகையில் வேறு விதமாக எழுதியிருந்தது. வழிகாட்டிப் பெண் அதை உரக்கப் படித்தாள். “தலை இருக்க வால் ஆடக்கூடாது என்பது இக்குடும்பத்தின் விதி. மூத்தவர் எழாமல் மற்றவர் எழக்கூடாது. அவர் முன்னே போக, மற்றவர் பின்னே போக வேண்டும். அன்று கரியடுப்பின் நச்சுக்காற்று அறையில் நிறைந்தபோது மூத்தவர் எழவில்லை. எனவே யாரும் எழவில்லை.”

விதி உண்மைதான். இன்றும் பெரியவர் வீட்டில் அவர் எழும்வரை கை காய்ந்தாலும் யாரும் நாற்காலியை விட்டு நகர மாட்டார்கள். அதை மரியாதை என்று சொல்லாமல் மடத்தனம் என்று பலகை எழுதி ஊருக்குக் காட்டுகிறார்களே, அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. பலகையை எடுக்கச் சொல்லி எத்தனையோ மனு போட்டாயிற்று. பரிசீலனையில் உள்ளது என்ற பதிலுக்குமேல் ஒன்றும் வரவில்லை.

“அது பொய்ம்மா,” என்றார்.

“சார், போர்டுல அப்படித்தான் இருக்கு.”

“போர்டே பொய்ங்கிறேன்.”

“விடுங்கப்பா,” என்றான் மகன். “செத்தவங்க யாரும் கேஸ் போடப் போறதில்ல.”

பெரியவர் காவலாளியின் பக்கம் திரும்பி, மூத்தவர் எங்கே என்று அதட்டினார். அந்தப் பொம்மையின் கழுத்து விட்டுப்போனதால் ஒட்டக் கொண்டுபோயிருப்பதாகக் காவலாளி சொன்னான். பிறகு, கேட்காமலே, குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னான். “அது போனதிலேருந்து தினம் காலையில வந்து பாத்தா எல்லா நாற்காலியும் கொஞ்சம் பின்னால தள்ளியிருக்குய்யா. நான்தான் உள்ள தள்ளி வைக்கிறேன். தரை சரிவு போல.”

“எங்க வீட்டுத் தரையா சரிவு?”

குடிநீர் வாரியத்தில் தலைமைப் பொறியாளராக இருந்தவரிடம், அவர் பாட்டன் பூட்டன் போட்ட தரையைச் சரிவு என்றால் எப்படியிருக்கும்? மனைவி கையைப் பிடித்துத் தடுக்கும் முன்பே, பார்வையாளர்களைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றைப் பெரியவர் தாண்டிவிட்டார். தரையைக் குதிகாலால் தட்டிப் பார்த்தார். ரசமட்டம் வைத்துப் போட்டதுபோல் கொஞ்சமும் சாயாமல் இருந்தது. தலைப்பக்க நாற்காலியிலிருந்து சன்னல் எவ்வளவு கிட்டே, கதவு எவ்வளவு கிட்டே என்று கையால் காட்டினார். உயிரோடு இருக்கிற எந்த மனிதனும் இந்த இடத்திலிருந்து எழுந்து ஒரு சன்னலைத் திறக்க மாட்டானா? “பாரு,” என்று சொல்லி, எழுந்து காட்டுவதற்காக அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்ததும் கூடம் வேறாகத் தெரிந்தது.

மூடும் நேரமாகிவிட்டதால் காவலாளி கோடிச் சன்னலிலிருந்து ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வந்தான். ஒவ்வொரு கதவு சாத்தும்போதும் சதுக்கத்தின் வண்டிச் சத்தம் ஒரு பிடி குறைந்தது, மேசைமேல் கிடந்த சாயங்கால வெயில் ஒரு முழம் சுருங்கியது, மெழுகும் பழைய துணியும் வார்னிஷும் கலந்த வாடைக்கு அடியிலிருந்து, எங்கேயோ இப்போதுதான் ஊதிவிட்ட கரியின் வாடை, மூக்குக்குத் தெரிந்தும் தெரியாமலும் மேலே வந்தது. தட்டுகளில் வண்ணம் பூசிய சுண்ணாம்புச் சாப்பாடு. பொம்மைகளின் கண்கள் அவர்மேல் இருந்தன. அது சரிதான், அவர் உட்கார்ந்த இடத்தைத்தானே அவை முதலிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கின்றன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பிறகு கைகளைப் பார்த்தார்.

எல்லாப் பொம்மைகளின் உள்ளங்கைகளும் மேசை விளிம்பில் ஊன்றியிருந்தன. பாரம் எங்கே இறங்குகிறது என்று பார்ப்பதிலேயே ஆயுள் கழித்தவர் அவர். உட்கார்ந்திருப்பவன் கையில் பாரம் இருக்காது. எழப்போகிறவன் கையில்தான் இருக்கும். குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். குதிகால்கள் தரையில் படவில்லை. ஒன்றுகூட. குழந்தை அத்தையின் சின்னச் செருப்பும் நுனிவிரலில் நின்றது.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. மூத்தவர் பிடிவாதத்தால் எழாமல் இருக்கவில்லை. அவர்தான் முதலில் செத்திருக்கிறார், இதே நாற்காலியில், நிமிர்ந்து உட்கார்ந்தபடி. மற்றவர்களுக்கு அது தெரியவில்லை. செத்தவர் எழுவார் எழுவார் என்று, தலை சுற்றச் சுற்ற, கையை ஊன்றிக்கொண்டு காத்திருந்திருக்கிறார்கள்.

இன்னும் காத்திருக்கிறார்கள்.

பலகை பொய்யென்று காட்ட உட்கார்ந்தவர் மேசை விளிம்பைப் பிடித்தார். போதும், எழுந்துவிடலாம் என்று லேசாக உடம்பை முன்னே கொடுத்தார்.

நாற்காலிகள் முனகின.

அப்படியே நிறுத்திக்கொண்டார். முனகலும் நின்றது. மெல்லப் பின்னால் சாய்ந்தார். மேசையைச் சுற்றிலும் துணி உரசும் சத்தம். இறங்கி அமரும் சத்தம்.

“என்னங்க,” என்றாள் மனைவி வாசல் பக்கத்திலிருந்து. “எழுந்திரிங்க. வீட்டுக்குப் போகலாம்.”

வீடு என்ற சொல்லுக்குக் கொள்ளுப்பாட்டியின் தலை திரும்பியது. மனைவியின் பக்கம். கொஞ்சம்தான். பிறகு மறுபடி அவர் பக்கம், பணிவாக.

வாண்டு எப்போது கயிற்றுக்கு அடியில் நுழைந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. அத்தையின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டும் ஒரே உயரம்.

“தாத்தா, இந்தப் பாப்பா நம்ம வீட்டுக்கு வரேங்குது.”

“அவளத் தூக்கிட்டுப் போடா,” என்றார் பெரியவர். அவர் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. “எல்லாரும் போங்க. நான் எழுந்தா இவங்களும் எழுவாங்க. நான் போற எடத்துக்குப் பின்னாலயே வருவாங்க.”

மகனுக்கு அது பலகைச் சண்டையின் இரண்டாம் பாகமாகத்தான் பட்டது. காலையிலிருந்து அடக்கி வைத்த எரிச்சலெல்லாம் அவன் முகத்தில் ஏறியது. பிடிவாதத்துக்கும் ஒரு அளவு இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே வந்தான். அப்பாவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான்.

அத்தனை நாற்காலிகளும் ஒரே இழுப்பில் பின்னால் போயின.

மகனின் கை தானாக விட்டது. பெரியவர் பொத்தென்று உட்கார்ந்தார். மேசையைச் சுற்றி, ஒன்றன்பின் ஒன்றாக, வயது வரிசையில், அவர்களும் உட்கார்ந்தார்கள்.

வழிகாட்டிப் பெண்ணின் குடை கீழே விழுந்து உருண்டது. யாரும் எடுக்கவில்லை. மகன் வாண்டுவை வாரி எடுத்தான். அவளுடைய கவுன் விளிம்பு சின்ன மெழுகு விரல்களுக்கு நடுவில் சிக்கியிருந்தது. இழுத்தான். கிழிந்தது. மனைவி மட்டும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்து நின்றாள். இத்தனை வருடங்களாக அவர் எழுவதற்காகக் காத்திருந்து பழகியவள். “நீ போ,” என்றார் அவர். “நான் சொல்றேன்ல. போ.” அவள் முதுகைக் காட்டாமல் பின்னடி வைத்தே போனாள்.

கடைசிச் சன்னலைச் சாத்த ஆள் இல்லை. காவலாளி எப்போதோ வெளியே ஓடிவிட்டான். சன்னல் தானாகச் சாத்திக்கொண்டது.

கரி வாடை இப்போது தெளிவாக இருந்தது. பெரியவர் முதுகை நிமிர்த்தினார். இரண்டு குதிகால்களையும் தரையில் அழுத்தினார். கையை மடியில் வைத்தார், பாரம் இல்லாமல். தலை லேசாகச் சுற்றியது. மேசை முழுவதும் கண்கள். பொறுமையான கண்கள். எழுவார் எழுவார் என்று.

அந்த வீட்டை இப்போது பராமரிப்புக்கென்று மூடியிருக்கிறார்கள். பலகையை எடுத்துவிட்டார்கள். சன்னல் இடுக்கில் எட்டிப் பார்த்த சிலர், பெரியவரைப் போலவே அச்சு அசலாக, கண்ணாடி முதற்கொண்டு, ஒரு பொம்மை செய்து அந்த நாற்காலியில் வைத்திருப்பதாக ஊரில் சொல்லித் திரிகிறார்கள். அது தவறு. அங்கே பொம்மை எதுவும் புதிதாக வைக்கப்படவில்லை.