மூன்று ஊசி மீதி

மே மாதத்துக் கூடுவாஞ்சேரியில், மத்தியானம் மூன்று மணிக்கு, ஸ்டெபின் எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினான்.

வாடகை அறை. மேலே மொட்டைமாடி, அதற்கு மேலே நேராகச் சூரியன். சுவரில் சாய்ந்து செமஸ்டருக்குப் படித்துக்கொண்டிருந்த அறைத்தோழன் ஃபிரெடி நிமிர்ந்து பார்த்தான்.

“இன்னாடா, நாம என்ன இட்லியா, அவிச்சு எடுக்க?”

“காத்து மூஞ்சில பட்டா கழுத்து இழுக்குது மச்சான்.”

சொல்லிவிட்டு இடது கெண்டைக்காலைச் சொறிந்தான். காலையிலிருந்து அதே இடம்.

விசிறி ஓய்ந்ததும் மற்ற ஓசைகள் ஒவ்வொன்றாக அறைக்குள் வந்து உட்கார்ந்தன: பக்கத்து மனையில் டைல்ஸ் அறுக்கும் இரைச்சல், தூரத்தில் செங்கல்பட்டு மின்ரயில், குளியலறைக் குழாயின் சொட்டு, அந்த ஒவ்வொரு சொட்டுக்கும் ஸ்டெபினின் தொண்டைக்குள் ஏதோ ஒன்று ‘களக்’கென்று மூடிக்கொள்ளும் சத்தம்.

அந்தக் கெண்டைக்காலைத்தான் மார்ச் மாதம் டீக்கடை வாசலில் ஒரு நாய்க்குட்டி கவ்வியது. ஆஸ்பத்திரியில் முதல் ஊசி போட்டு, நான்கு கட்டம் போட்ட அட்டை கொடுத்தார்கள். மற்ற மூன்றுக்கும் காலையில் வர வேண்டும். காலையில் போனால் கல்லூரி வருகைப்பதிவு போகும்; எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் தேர்வெழுத விடமாட்டார்கள். ஸ்டெபினிடம் இருந்ததோ எழுபத்தைந்தரை சதவீதம். துறைத்தலைவர் ஸ்ரீநிவாசராகவன் நியாயஸ்தர். “நாய் கடிச்சதுக்கெல்லாம் அட்டெண்டன்ஸ் குடுத்தா, நாளைக்கு கிளாஸே கடி வாங்கிண்டு வரும்” என்றார்.

தாம்பரத்தில் பள்ளி ஆசிரியையான ஸ்டெபினின் அம்மா ஹில்டா, அட்டையின் போட்டோ கேட்டுக்கொண்டே இருந்தாள். மூன்று வருடமாக அவனுடைய லேப் ரெக்கார்டில் ஆசிரியர் கையெழுத்தைப் போட்டுப் பழகியவன் ஃபிரெடி. மீதி மூன்று கட்டங்களிலும் தேதி எழுதி, நர்ஸின் கிறுக்கலைப் போட்டான். தத்ரூபமாக வந்தது.

இப்போது ஃபிரெடியின் மடியில் திறந்திருந்த பாடத்திலேயே எல்லாம் இருந்தது. வெறிநாய்க்கடிக் கிருமி ரத்தத்தின் வழியே வராது. வந்தால் உடம்பின் காவலாட்கள் பிடித்துவிடுவார்கள். நரம்புக்குள் ஒளிந்துகொண்டு, நாளொன்றுக்கு ஓரிரு விரற்கடை தூரம், மூளையைப் பார்த்து நடக்கும். போய்ச் சேர்வதற்குள் காவலாட்களுக்கு அதன் முகத்தைக் காட்டிக்கொடுப்பதுதான் ஊசியின் வேலை. சேர்ந்துவிட்டால் மருந்தில்லை. இரண்டு மதிப்பெண் கேள்வி.

விரல்விட்டு எண்ணினான். கடித்து அறுபத்தொரு நாள்.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தான். ஹில்டாவுக்கும். ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலில் ஆம்புலன்ஸ் நின்றது. ஹில்டா மின்ரயிலில் முந்தி வந்துவிட்டாள்.

“நாய்க்கடியோன்னு ஒரு நிமிஷம் உயிரே போச்சு. நல்லவேளை, நாலு ஊசியும் போட்டாச்சு. இது சூடுதான்.” டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள்.

“ஆன்ட்டி, அந்தக் கையெழுத்து நான் போட்டது.”

“ரெக்கார்டுலயா? அதெல்லாம் அப்புறம் பேசலாம்பா.”

“கார்டுல, ஆன்ட்டி. மூணும்.”

டம்ளரை ஸ்டெபின் வாங்கிவிட்டிருந்தான். இரண்டு கையாலும்.

உதடு வெடித்திருந்தது. கண்ணில் முழு நினைவு. தாகம்.

டம்ளர் நெருங்கியது. கழுத்து பின்னால் போனது. கை நெருங்கியது. கழுத்து இன்னும் பின்னால். வாயோரம் நுரை.

“தலையைப் புடிடா மச்சான். குடிக்க வுட மாட்டேங்குது.”

ஃபிரெடி பிடித்தான். முழு பலத்தோடு. கழுத்து பின்னால் போவது நிற்கவில்லை.

பின்மண்டை முதுகைத் தொடப் போக, கூரையைப் பார்த்து வாய் பிளந்தபடி, ஸ்டெபின் தண்ணீரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டே இருந்தான். ஹில்டா மகனைப் பார்க்கவில்லை. ஃபிரெடியின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.