டிவியில் வந்த பிரிஜட்

நூருன்னிசா ஆன்ட்டி வீட்டுத் தொலைக்காட்சிக்குப் பேய் பிடித்துவிட்டது. ஒன்பதாவது மாடி முழுக்க இதே பேச்சுதான்.

அதுவும் சும்மா பேய் இல்லை, நேரம் பார்த்து வரும் பேய். பிற்பகலில் படம் பளிச்சென்று இருக்கும். சாயங்காலம் ஆனதோ இல்லையோ, திரையில் கறுப்புக் கோடுகள் நெளிய ஆரம்பித்துவிடும். பாடுகிறவரின் மூக்கு ஒரு பக்கம் போகும், வாய் இன்னொரு பக்கம் போகும். கூடவே 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம் வேறு. ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு பேய் தானாகவே போய்விடும்.

வேறு வாரமாக இருந்தால் ஆன்ட்டி டிவியை நிறுத்திவிட்டு வானொலியைத் திருப்பியிருப்பார். இந்த வாரம் அப்படி விட முடியுமா? சனிக்கிழமை சாயங்காலம் தமிழ்ச் சிறுவர் நிகழ்ச்சியில் அவருடைய மகன் அப்துல் அலீம் கதை சொல்லப் போகிறான்!

போன மாதமே நிலையத்துக்குக் கூப்பிட்டுப் பதிவு செய்துவிட்டார்கள். ஒரே ஒரு தடவைதான் போடுவார்கள். பிடித்து வைத்துத் திரும்பப் பார்க்க வீடியோ டெக் வேண்டும். அது எண்பத்து நான்காம் ஆண்டு. ஜாலான் புசார் பக்கம் இருந்த அந்த அடுக்குமாடியில், ஒன்பதாவது மாடியில் ஒரு வீட்டில்கூட டெக் கிடையாது. சனிக்கிழமை பார்த்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

"கண்ணு பட்டிருச்சு. தேக்கா மார்க்கெட்ல மீன்காரர் வரைக்கும் சொன்னேன்ல, அதான்!" என்று ஆன்ட்டி தலையில் கை வைத்துக்கொண்டார்.

டிவி பழுது பார்ப்பவர் பிற்பகலில் வந்தார். படம் கோடு இல்லாமல் ஜோராக ஓடியது. "நல்லாத்தானே இருக்கு?" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போய் இரண்டு மணி நேரத்தில் பேய் திரும்பி வந்துவிட்டது.

அலீமுக்கு எட்டு வயது. அழமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கதவைப் போய்த் தட்டினான். பிரிஜட் திறந்தாள். அவளுக்குப் பத்து வயது. எதையும் 'ஏன், எதற்கு' என்று குடைகிற ஆள்.

"அக்கா, என் மூஞ்சி கோணலா வந்துடும்போல இருக்கு. வந்து பாரேன்!"

பிரிஜட் போய்ப் பார்த்தாள். டிவியை முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள், காதை வைத்துக் கேட்டாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"வீட்டுல இருக்கிற ஒவ்வொண்ணா நிறுத்திப் பார்ப்போம். ஒரே சமயத்துல ரெண்டைத் தொடக்கூடாது. தொட்டா எது திருடன்னு தெரியாம போயிடும்."

முதலில் மின்விசிறியை நிறுத்தினார்கள். கோடு போகவில்லை. குழல்விளக்கை அணைத்தார்கள், அப்போதும் போகவில்லை. குளிர்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார்கள். "ஐயோ, என் மீனு!" என்று ஆன்ட்டி அலறியதுதான் மிச்சம். கடைசியில் அந்த இருட்டு வீட்டில் டிவி மட்டும்தான் ஓடியது. அதில் கோடுகள் சந்தோஷமாக நெளிந்துகொண்டிருந்தன.

"அப்ப கோளாறு இந்த வீட்டுல இல்லை, ஆன்ட்டி. வெளியே எங்கேயோ இருக்கு," என்றாள் பிரிஜட்.

"வெளியேன்னா? ஊரு முழுக்கத் தேடணுமா?"

"எங்க வீட்டுக்கு வந்து பாருங்களேன்."

"உங்க வீட்டு டிவி கறுப்பு வெள்ளை லா! இவனுக்குப் பச்சைச் சட்டை தச்சுப் போட்டு அனுப்பியிருக்கேன். பச்சை பச்சையாத் தெரிய வேணாமா?"

அதுவும் நியாயம்தான். அதோடு பிரிஜட் வீட்டு டிவி இப்போதெல்லாம் டிவியாகவே இருப்பதில்லை. அவளுடைய அண்ணன் அலெக்சாண்டர் பள்ளிவிட்டுச் சாயங்காலம் வந்ததும் அதைப் பிடித்துக்கொள்வான். அந்தோனி மாமா அவனுக்குப் பழைய கணினி ஒன்றைக் கொடுத்திருந்தார். விசைப்பலகை மட்டும்தான் இருந்தது, திரை கிடையாது. டிவியோடு கம்பியை இணைத்தால் அதுதான் திரை. ராத்திரிச் செய்திக்கு அப்பா வந்து உட்காரும் வரை அலெக்சாண்டர் தட்டிக்கொண்டே இருப்பான்.

அப்பா சிலுவைராஜ் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "இந்தப் பெட்டியால ஒரே ஒரு புகார் வந்தாலும் மாமா வீட்டுக்கே திருப்பி அனுப்பிடுவேன். ஞாபகம் வச்சுக்க!"

சனிக்கிழமை வந்தது. நூருன்னிசா ஆன்ட்டி வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்துவிட்டன. உள்ளே கால் வைக்க இடமில்லை. மேல்வீட்டு லிம் ஆன்ட்டி ஒரு தட்டு நிறைய அன்னாசிப் பலகாரத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். பிரிஜட்டின் அம்மா அடுக்களையில் சமோசா பொரித்துக்கொண்டிருந்தார். அப்பா ஏற்கெனவே இரண்டு சமோசாவை உள்ளே தள்ளியிருந்தார்.

எல்லாரையும்விடப் பெரிய அதிசயம் இப்ராஹீம் அங்கிள்தான். அலீமின் அத்தாவான அவர் தேக்காவில் மளிகைக் கடை வைத்திருந்தார். பெருநாளைத் தவிர வேறு எந்த நாளும் ராத்திரிக்கு முன்னால் கடையைச் சாத்தியதில்லை. இன்று பாதியில் சாத்திவிட்டு, புதுச் சட்டை போட்டு, அத்தர் பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

"அத்தா, நான் மூணாவதா வருவேன். முதல்ல பாட்டு, அப்புறம் விடுகதை, அப்புறம் நான்," என்று அலீம் அவர் காதில் சொன்னான்.

பிரிஜட்டின் வீட்டிலிருந்து அலெக்சாண்டர் மட்டும் வரவில்லை. திங்கட்கிழமை பள்ளிக் கணினி மன்றத்தில் அவன் ஒரு வினாவிடை விளையாட்டைக் காட்ட வேண்டும். காலையிலிருந்து தட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து வரிகளை வாசித்துக் காட்டச் சொல்லி பிரிஜட்டைக் கூப்பிட்டான். அவள் முடியாது என்று ஓடி வந்துவிட்டதில் அவனுக்கு ஒரே கடுப்பு.

நிகழ்ச்சி ஆரம்பித்தது. முதல் பாட்டு பாதிகூட முடியவில்லை. கிர்ர்ர்!

"அலமாக்! வந்துடுச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

நூருன்னிசா ஆன்ட்டி டிவியின் தலையில் ஓங்கி ஒன்று போட்டார். இப்ராஹீம் அங்கிள் பக்கவாட்டில் ஒன்று போட்டார். அப்பா எழுந்து, தன் பங்குக்கு அவரும் ஒன்று போட்டார். கோடுகள் இன்னும் தடித்தன. அந்தக் கோடுகளுக்கு நடுவே மங்கலாக ஏதோ எழுத்துகள் கீழிருந்து மேலே ஊர்ந்து போயின. ஆங்கில எழுத்துகள்.

அலீம் கண்ணை இடுக்கிக்கொண்டு எழுத்துக் கூட்டினான். "பி... ரி... அக்கா! டிவியில உன் பேரு வருது!"

"என்னடா உளர்றே?"

"உண்மையாத்தான்! 'பிரிஜட் ஒரு குரங்கு'ன்னு வருது! திரும்பத் திரும்ப வருது!"

அறையே அவளைத் திரும்பிப் பார்த்தது. நூருன்னிசா ஆன்ட்டி வாயைப் பிளந்தார். "டிவி நிலையம் வரைக்கும் உன்னைத் தெரிஞ்சு வச்சிருக்காங்களா, பிரிஜட்?"

பிரிஜட்டுக்குக் காது சூடாகிவிட்டது. இந்த உலகத்தில் அவளைக் குரங்கு என்று எழுதக்கூடிய ஆள் ஒருவன்தான். அவன் டிவி நிலையத்தில் வேலை பார்க்கவில்லை. அடுத்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறான்!

கதவைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள் பாய்ந்தாள். அலெக்சாண்டர் திரைக்கு முன்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். திரை முழுக்க அதே வரி ஓடிக்கொண்டிருந்தது.

"தப்பான பதில் சொன்னா இதுதான் வரும். எப்படி?" என்றான் பெருமையாக.

"உன் மூஞ்சி! இது பக்கத்து வீட்டு டிவியில தெரியுது!"

"சும்மா கதை விடாதே. அந்த டிவி எங்கே, இது எங்கே?"

"அலீமே வாசிச்சான்! அந்தப் பேயே நீதான்!"

அலெக்சாண்டரின் சிரிப்பு நின்றது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அலீமின் குரல் கேட்டது. "அத்தா, பாட்டு முடிஞ்சிருச்சு, விடுகதை வந்துருச்சு, ஏதாச்சும் பண்ணுங்க!" பிறகு விசும்பல்தான் வந்தது.

பிரிஜட்டின் கை கணினியின் சுவிட்சுக்குப் போனது.

"ஐயோ, தொடாதே!" அலெக்சாண்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "அணைச்சா காலையில இருந்து அடிச்சது எல்லாம் அழிஞ்சிடும்! முதல்ல கேசட்டுல பதிஞ்சு வைக்கணும். அதுக்கு நேரம் ஆகும் லா! அதுக்குள்ள நிகழ்ச்சியே முடிஞ்சிடும்." அவன் கண்களும் கலங்கிவிட்டன. "பிரிஜட், ப்ளீஸ்..."

அந்தப் பக்கம் அலீம், இந்தப் பக்கம் அண்ணன். பிரிஜட்டுக்கு இரண்டு பேரையும் நினைத்தால் பாவமாக இருந்தது. கையை எடுத்துக்கொண்டாள். ஆனால் அப்படியே நின்றுவிடவில்லை. டிவிக்குப் பின்னால் குனிந்து, கம்பியை விரலால் தொட்டுக்கொண்டே போனாள்.

கணினியிலிருந்து ஒரு கம்பி வந்தது. சுவரில் இருந்த ஏரியல் துளையிலிருந்து இன்னொரு கம்பி வந்தது. இரண்டையும் முறுக்கி, ஒட்டுநாடா சுற்றி, ஒன்றாக டிவியில் சொருகியிருந்தான் அண்ணன்.

"ஏன் ரெண்டையும் சேர்த்துக் கட்டினே?"

"அப்பா செய்தி பார்க்க வர்றப்ப ஒவ்வொரு தடவையும் கழட்டி மாட்ட வேண்டியிருக்கு. அதான் கட்டினேன். காலையில அம்மா கூட்டுறப்ப சுவருல கழண்டு போச்சு, இப்பத்தான் மறுபடி சொருகினேன்..."

பிரிஜட் யோசித்தாள். அந்த அடுக்குமாடியில் வீட்டுக்கு வீடு ஏரியல் கிடையாது. மொட்டைமாடியில் இருக்கும் ஏரியலிலிருந்துதான் எல்லா வீட்டுச் சுவருக்கும் கம்பி வருகிறது. அதிலும் இந்த இரண்டு வீட்டுக்கும் ஒரே கம்பிதான்.

"அண்ணே, அந்தத் துளை வழியா படம் நம்ம வீட்டுக்குள்ள வருதுல்ல? அப்ப அதே துளை வழியா உன் குரங்கு அவங்க வீட்டுக்குப் போகாதா?"

அவன் பதில் சொல்லும் வரை பிரிஜட் காத்திருக்கவில்லை. கணினியைத் தொடவே இல்லை. சுவரில் இருந்த ஏரியல் பிளக்கை மட்டும் பிடித்து, வெடுக்கென்று இழுத்தாள்.

"வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று பக்கத்து வீடு அதிர்ந்தது.

அவர்களுடைய திரையில் ஓர் எழுத்துகூட அழியவில்லை. குரங்கு பாட்டுக்கு ஊர்ந்துகொண்டிருந்தது.

"உன் விளையாட்டு பத்திரமா இருக்கு பார்," என்றாள் பிரிஜட்.

அலெக்சாண்டர் திரையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். "நீ குரங்கு இல்லை, பிரிஜட். அந்த வரியை எடுத்துடறேன்," என்றான்.

"இப்ப அதுவா முக்கியம்? வா, ஓடு!"

இருவரும் மூச்சிரைக்க உள்ளே நுழையவும், திரையில் அலீம் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. பச்சைச் சட்டை அசல் பச்சையாகத் தெரிந்தது. மூக்கு மூக்கின் இடத்தில் இருந்தது, வாய் வாயின் இடத்தில் இருந்தது.

அவ்வளவுதான். வீட்டுக் கூரையே பிய்த்துக்கொண்டு போனது! "அலீம்! அலீம்!" என்று எல்லாரும் கத்தினார்கள். நூருன்னிசா ஆன்ட்டி, "என் ராசா!" என்று டிவிக்கே முத்தம் கொடுத்துவிட்டார். பிரிஜட் குதித்த குதியில் சமோசாத் தட்டு கவிழ்ந்தது. இப்ராஹீம் அங்கிள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் மகன்! இவன் என் மகன்!" என்று பக்கத்திலிருந்த சிலுவைராஜின் தோளைக் குலுக்கினார். அவருக்கு அது தெரியாததுபோல!

திரையில் அலீம் கடைசியாகக் கை கூப்பி வணக்கம் சொன்னதும் அடுத்த பாட்டு வந்துவிட்டது.

கூச்சல் கொஞ்சம் அடங்கியதும் அப்பா பிரிஜட்டைக் கூப்பிட்டார். "நீ எங்கே ஓடினே? நீ போனதும் படம் சரியாயிடுச்சே?"

பிரிஜட் அண்ணனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "கோளாறு நம்ம வீட்டுல இருந்துதான்ப்பா வந்துச்சு. கம்ப்யூட்டர் கம்பியை ஏரியல் கம்பியோட சேர்த்துக் கட்டிட்டோம். இப்ப கழட்டியாச்சு. இனிமே வராது."

"நான்தான் கட்டினேன். இவ இல்லை," என்றான் அலெக்சாண்டர் மெதுவாக. "மன்னிச்சுக்கங்க ஆன்ட்டி."

அப்பாவின் புருவம் மேலே போனது. "நான் அன்னைக்கே என்ன சொன்னேன்? ஒரே ஒரு புகார் வந்தாலும்..."

"புகாரா?" நூருன்னிசா ஆன்ட்டி குறுக்கே புகுந்தார். "இங்கே யாரு புகார் சொன்னா? நீங்க சொன்னீங்களா, லிம்?"

என்ன கேட்கிறார் என்று புரியாவிட்டாலும் லிம் ஆன்ட்டி இல்லை என்பதுபோலப் பலமாகத் தலையை ஆட்டினார்.

"பார்த்தீங்களா, அவங்களும் சொல்லலை. நானும் சொல்லலை. வாரம் முழுக்கப் புள்ளைங்க ஓசியில படம் காட்டியிருக்காங்க, அதுக்குப் போய்ப் புகார் சொல்லுவாங்களா?"

அப்பா பேச வாயைத் திறந்தார். ஆன்ட்டி அதில் இன்னொரு சமோசாவை வைத்துவிட்டார். அலெக்சாண்டருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"எல்லாம் சரி," என்றார் இப்ராஹீம் அங்கிள் தாடியைச் சொறிந்துகொண்டு. "நம்ம அலீம் என்ன கதை சொன்னான்?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போட்ட கூச்சலில் ஒருவர் காதிலும் ஒரு வார்த்தை விழுந்திருக்கவில்லை!

அலீம் எல்லாரையும் ஒரு சுற்று முறைத்தான். பிறகு பிரிஜட் பிடித்துக்கொள்ள, டிவிக்கு முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு ஏறி நின்றான். பச்சைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"இந்தத் தடவை யாரும் கத்தக்கூடாது. சரியா?"

"சரி, சரி!"

"ஒரு ஊர்ல ஒரு நண்டு இருந்துச்சு. அதுக்குப் பள்ளிக்கூடம் போக ரொம்ப ஆசை..."

முடியும் வரை வீட்டில் ஒரு சத்தம் இல்லை. லிம் ஆன்ட்டிக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் கதை முடிந்ததும் முதலில் எழுந்து நின்று கை தட்டியவர் அவர்தான்.