கரைக்கு வந்த துளசிங்கம்

தொண்ணூறாம் வருஷம் மாசியில், கீழ்க்கட்டளை ஏகநாதனும் அவன் பெண்சாதி கிளியம்மாளும் கப்பலேறிப் போர்ட் பிளேருக்குப் போனார்கள். ஏரியோரத்து நிலத்தை மனை போட்டு விற்ற கையோடு கிளம்பிய பயணம்.

போய் இறங்கின மறுநாள் படகில் ஒரு சின்னத் தீவுக்குக் கூட்டிப்போனார்கள். வெள்ளைக்காரன் காலத்துத் துறைமுகப் பட்டணம். இப்போது ஆலவேர் கவ்விய சுவர்கள்தான் மிச்சம். உச்சி வெயில் சுள்ளென்று அடித்தது. கடலைப் பார்க்கக் கண் கூசியது.

இடிந்த மாதாகோயிலைத் தாண்டும்போதுதான் அந்த நாற்றம் வந்தது.

அழுகின கோரை. கறுஞ்சேறு. ஊருக்குப் பக்கத்துப் பள்ளிக்கரணைச் சதுப்பின் நாற்றம்.

"உங்களுக்கு எதனா நாத்தம் வருதா?" என்று கேட்டாள் கிளியம்மாள். ஏகநாதன் படகை நோக்கி விறுவிறுவென்று நடந்தான். அவனோடு வந்த கூட்டம் நடந்துபோன அதே வெள்ளை மணல்தான்.

நாலாவது அடியில் முழங்கால் வரை இறங்கிவிட்டான்.

"கிளி... அண்ணன் கால புடிச்சிக்கினு கீறான்."

மூத்தார் துளசிங்கம் சதுப்பில் சிக்கிச் செத்து மூன்று வருஷமாகிறது. ஓடிப்போவதற்குள் முடிந்துவிட்டது என்றுதான் ஏகநாதன் ஊரெல்லாம் சொல்லியிருந்தான்.

"இன்னா சொல்றீங்க?"

"கை குடுடான்னு கத்துனான். நான் கரைல நின்னு பாத்துக்கினே இருந்தேன். நெலம் மொத்தமும் நமக்குத்தானேன்னு... இழு கிளி!"

இடுப்பு வரை போய்விட்டான். துளசிங்கத்தின் பெண்சாதி தையல்நாயகி கைக்குழந்தையோடு வாசலில் நின்று அழுத நாள் கிளியம்மாளுக்கு நினைவு வந்தது. அன்று கதவைச் சாத்தியவள் கிளியம்மாளேதான்.

ஆனாலும் கையை நீட்டினாள்.

காதோரம் ஈரமாக ஒரு மூச்சு. மூத்தாரின் குரல்.

"கைய எடுத்துக்க, கிளியம்மா."

எடுத்துக்கொண்டாள்.

படகுக்காரர்கள் ஓடிவந்தபோது மணல் சமமாகக் கிடந்தது. தோண்டிப் பார்த்தார்கள். இரண்டடியில் பாறை தட்டியது.

கப்பலில் தனியாகத் திரும்பினாள். எதிர்ப் படுக்கை ஏகநாதனுக்காகச் சீட்டு எடுத்தது. மூன்றாம் நாள் காலை, வட்டச் சன்னல் கண்ணாடி வழியே வெயில் விழுந்திருந்த அந்தக் காலி மெத்தை, ஆள் உட்கார்ந்தது போல அமுங்கியது.

அவள் கைகூப்பினாள். "நெலம் வித்த பணம் மொத்தத்தையும் தையலுக்கே குடுத்துடறேன் மாமா. என்னை வுட்டுடுங்க."

பள்ளம் மெல்ல நிமிர்ந்தது.

பிறகு அவள் கால்மாட்டில் மெத்தை அமுங்கியது.